இரண்டு ஆதார் அட்டை, ஒரு கூடாரம்

நாமக்கல்லில் அன்று இரவு எங்களுக்கு அறை கிடைக்கவில்லை. விடுதியில் அறை இல்லாமல் இல்லை. மேசைக்குப் பின்னால் இருந்த பலகையில் ஏழெட்டுச் சாவிகள் தொங்கிக்கொண்டிருந்தன.

நானும் என் இணையரும் கோவையில் வேலை பார்க்கிறோம். சாதி மறுப்புத் திருமணம் செய்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. நான் விழுப்புரம் மாவட்டத்துச் சேரியில் பிறந்தவன். அவர் கொங்குப் பகுதியில் ஊர்த்தெருவில் பிறந்தவர். எங்களிடம் 125 சிசி ஸ்கூட்டர் ஒன்று இருக்கிறது. சேர்த்து வைத்த காசில் இருவர் படுக்கும் கூடாரமும் வாங்கினோம். கொல்லிமலைக்குப் போய் இரண்டு இரவு தங்கிவருவது என்று சனிக்கிழமை மதியம் கிளம்பினோம். அவிநாசி, பெருந்துறை, ஈரோடு, திருச்செங்கோடு வழியாக நாமக்கல் வந்து சேர இருட்டிவிட்டது. கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். இரவில் இரண்டு பேரும் மூட்டைகளுமாக ஸ்கூட்டரில் ஏறுவது நல்லதல்ல. ஒரு இரவு நகரத்திலேயே தங்கிவிட்டு விடிந்ததும் போகலாம் என்று விடுதிக்குப் போனோம்.

"ரெண்டு பேரோட ஆதாரும் குடுங்க" என்றார் மேலாளர். கொடுத்தோம். என் அட்டையில் தெருப் பெயரோடு 'காலனி' என்று இருக்கிறது. இணையரின் அட்டையில் இன்னும் அவருடைய அப்பா பெயரும் அப்பா வீட்டு முகவரியும்தான். மேலாளர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். பிறகு இணையரின் கழுத்தைப் பார்த்தார். எங்களுடையது சுயமரியாதைத் திருமணம். தாலி இல்லை.

"ஹஸ்பெண்ட் ஒய்ஃபுங்களா? அட்ரஸ் வேற வேறயா இருக்குதுங்களே?"

கைப்பேசியில் இருந்த திருமணப் பதிவுச் சான்றிதழைக் காட்டினேன். விரலால் பெரிதாக்கி, இரண்டு அப்பாக்களின் பெயரையும் ஊரையும் நிதானமாகப் படித்தார். கைப்பேசியைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் பேச்சில் இருந்த 'ங்க' காணாமல் போயிருந்தது. "இது ஃபேமிலி வந்து தங்குற எடம். ரூமெல்லாம் ஃபுல்லு. நீ வேற எங்கயாச்சும் பாரு."

அடுத்த விடுதியில் "ஊர்ல எந்தப் பக்கம்?" என்று கேட்டார்கள். மூன்றாவதை நாங்கள் முயலவில்லை. இணையரின் சொந்தக்காரர்கள் அந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். எங்கள் ஆதார் நகல் எத்தனை மேசைகளில் கிடக்க வேண்டும் என்று யோசித்தோம்.

ஊருக்கு வெளியே ஒரு பெட்ரோல் பங்க்கில் வண்டிக்குக் காற்று பிடிக்க நின்றோம். இரவுப் பணியில் இருந்த ஊழியர் மூட்டைகளைப் பார்த்துவிட்டு, "சாப்ட்டீங்களா?" என்றார். அவர் கேட்ட ஒரே கேள்வி அதுதான். நிலைமையைச் சொன்னதும், காற்று பிடிக்கும் இடத்துக்குப் பின்னால் இருந்த சிமெண்ட் தரையைக் காட்டினார். "அங்க போட்டுக்கங்க. அடுப்பு மட்டும் பத்த வச்சுராதீங்க. அஞ்சு மணிக்கு டேங்கர் வந்துரும், அதுக்குள்ள எந்திரிச்சுருங்க." சிமெண்டில் ஆணி இறங்காது. கூடாரத்தின் ஒரு மூலையை ஸ்கூட்டரிலும் மறுமூலையைப் பையிலும் கட்டிவிட்டுப் படுத்தோம். மலையில் போடுவதற்காக வாங்கிய கூடாரம் முதன்முதலாக விரிந்தது அங்கேதான்.

சட்டம் எங்கே நிற்கிறது?

தங்குகிறவரின் அடையாள அட்டையை விடுதிகள் வாங்கிப் பதிவது நடைமுறை. வந்திருப்பவர்கள் திருமணம் ஆனவர்களா என்று விசாரிக்கச் சொல்லும் சட்டம் எதுவும் இல்லை. 2019இல் நாங்கள் வசிக்கும் கோவையிலேயே, திருமணமாகாத இருவர் ஒரே அறையில் தங்கியிருந்ததைக் காரணமாகக் காட்டி ஒரு தங்கும் விடுதிக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். அந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பரில் தெளிவாகச் சொன்னது: வயது வந்த இருவர் திருமணமாகாமல் ஒரே அறையில் தங்குவதைக் குற்றமாக்கும் சட்டம் இங்கே இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இலேயே உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்துவிட்டது.

நாங்களோ பதிவுத் திருமணம் செய்தவர்கள். சான்றிதழும் கையில் இருந்தது. அப்படியும் அறை கிடைக்கவில்லை என்றால், அந்த மேசையில் சோதிக்கப்பட்டது எங்கள் திருமணம் அல்ல, எங்கள் சாதிகள். 'ஃபேமிலி' என்ற சொல் அங்கே ஒரே சாதிக்குள் நடந்த கல்யாணத்துக்கு மட்டும்தான் பொருந்தும். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்க வேண்டிய அறிவிப்பு. ஆனால் என் சட்டைப் பையில் இருக்கும் அட்டையில் அந்தச் சொல் இன்னும் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்த கண்களும் மேசைகளுக்குப் பின்னால் அப்படியே இருக்கின்றன.

அறை, வண்டி, சுற்றுலா

சிமெண்ட் தரையில் தூக்கம் வராமல் படுத்திருந்தபோது அண்ணல் அம்பேத்கரின் பரோடா நாட்கள்தான் நினைவுக்கு வந்தன. வெளிநாட்டில் படித்துவிட்டு 1917இல் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சிகளின் விடுதியில் பார்சிப் பெயரைப் பதிந்து தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்த பார்சிகள் அவரை வெளியேறச் சொன்னார்கள். ஊரில் வேறு எங்கும் இடம் கிடைக்காமல், பொதுப் பூங்கா ஒன்றில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார்.

வண்டியும் அவரைக் காயப்படுத்தியிருக்கிறது. 1929இல் சாலிஸ்கானில் தீண்டத்தகாதவர் என்பதால் அவரை ஏற்றிப்போக எந்தக் குதிரைவண்டிக்காரரும் முன்வரவில்லை. விருந்தினர் நடந்து வரக் கூடாது என்று அந்த ஊர் மகர் மக்கள் வண்டியை மட்டும் வாடகைக்கு வாங்கினார்கள். ஓட்டிப் பழக்கமில்லாத ஒருவர் ஓட்டினார். சிறு பாலத்தில் வண்டி மோதி அம்பேத்கரின் கால் எலும்பு முறிந்தது. சுற்றிப் பார்க்கப் போன இடத்திலும் விடவில்லை. 1934இல் தோழர்களோடு தௌலதாபாத் கோட்டைக்குப் போனார். வழியில் இருந்த குளத்து நீரில் கைகால் கழுவியதற்காக அங்கே வசைபாடி மறித்தார்கள். தண்ணீரைத் தொட்டுவிடக் கூடாது என்று துப்பாக்கி ஏந்திய காவலரைக் கூடவே அனுப்பித்தான் கோட்டைக்குள் விட்டார்கள்.

எங்கள் ஒரு இரவை அந்த வாழ்வோடு ஒப்பிடவில்லை. படுக்க இடம், ஏறிப்போக வண்டி, பார்க்க ஒரு கோட்டை என்று மூன்று இடத்திலும் சாதி காவலுக்கு நின்றதை அவர் எழுதி வைத்திருக்கிறார். அது இன்னும் பணியிலிருந்து ஓய்வு பெறவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

என் தாத்தா காலத்தில் ஊர்த்தெரு வழியாகச் சைக்கிளில் ஏறிப் போக முடியாது. இறங்கி, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தள்ளிப் போக வேண்டும். தெரு முடிகிற இடத்தில் ஒரு புளியமரம் உண்டு. அதைத் தாண்டித்தான் ஏறுவாராம். அப்பா பழைய டிவிஎஸ் 50 ஒன்றை வாங்கி, அதே தெருவில் இறங்காமல் ஓட்டினார். அதற்கு ஒரு பஞ்சாயத்து நடந்தது. இதெல்லாம் முடிந்துபோன கதை என்று நினைக்கிற நண்பர்கள் 2025 பிப்ரவரியை நினைத்துப் பார்க்கட்டும். சிவகங்கை மாவட்டத்தில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. அவர் புல்லட் ஓட்டியதைப் பொறுக்காமல் செய்தார்கள் என்று குடும்பத்தினர் புகார் கொடுத்தார்கள்.

இருசக்கர வாகனப் பயணம் என்றாலே 'சுதந்திரம்' என்று பேசுகிற காணொளிகள் ஆயிரம் இருக்கின்றன. நானும் பார்க்கிறேன். ஹேண்டில்பாரில் கேமராவை மாட்டிக்கொண்டு, "ரோட்ல எறங்கிட்டா எல்லாரும் ஒண்ணுதான் ப்ரோ" என்பார்கள். அப்படி ஒரு குழுவில் ஆறு மாதம் இருந்தேன். ஒருவர் வண்டியின் முன்கண்ணாடியில் சாதிப் பெருமை வாசகம் ஒட்டியிருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. நான் ஹெல்மெட்டில் அம்பேத்கர் படத்தை ஒட்டிக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமை, "இங்க அரசியல் வேணாம் ப்ரோ" என்றார்கள். விலகிவிட்டேன்.

திருச்செங்கோட்டைக் கடக்கும்போது

அன்று மாலை, நாமக்கல்லுக்கு முன்பு, திருச்செங்கோடு வழியாக வந்தோம் என்று சொன்னேன். அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை தெரியும். மேலே அர்த்தநாரீசுவரர் கோயில். ஆணும் பெண்ணும் ஒரே உடலில் பாதிப் பாதியாக நிற்கும் கடவுள். 2015 ஜூன் 23 அன்று அந்தக் கோயிலில் தன் தோழியோடு பேசிக்கொண்டிருந்த கோகுல்ராஜ் என்ற தலித் இளைஞர் கடத்தப்பட்டார். மறுநாள் தண்டவாளத்தில் உடல் கிடைத்தது. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. அவர்கள் இருவரும் அன்று செய்தது ஒன்றுதான்: பொது இடத்தில் உட்கார்ந்து பேசினார்கள்.

2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் சங்கரும் கௌசல்யாவும் கடைக்குப் போய்விட்டுப் பேருந்து நிலையத்துக்கு வந்தார்கள். பட்டப்பகலில், அத்தனை பேர் பார்க்க வெட்டப்பட்டார்கள். சங்கர் இறந்தார். வெட்டியவர்கள் மோட்டார் சைக்கிளில்தான் வந்தார்கள், மோட்டார் சைக்கிளில்தான் போனார்கள்.

இப்போது ஸ்கூட்டரில் போகும்போது பக்கக் கண்ணாடியில் ஒரே வண்டி ரொம்ப நேரம் தெரிந்தால், இணையர் என் தோளில் இரண்டு முறை தட்டுவார். நான் இடப்பக்கம் ஒதுங்கி வழிவிடுவேன். அந்த வண்டி முந்திக்கொண்டு போய்விடும். பெரும்பாலும் அவசரத்தில் போகும் யாரோ ஒருவர்தான். அவர் ஓட்டி நான் பின்னால் இருக்கும்போது தட்டுவது என் வேலை. இப்படி ஒரு சைகை தேவைப்படாமல் ஊர் சுற்றுகிற இணையரும் இருக்கிறார்கள் என்பதே எங்களுக்குச் சில சமயம் வியப்பாக இருக்கிறது.

இதற்கெல்லாம் நேரமா, தோழர்?

இந்தப் பயணத்தைப் பற்றிச் சொன்னபோது ஒரு மூத்த தோழர் கேட்டார்: "ஆணவக்கொலை நடந்துக்கிட்டு இருக்கு. நீங்க டூர் போறீங்களா?" அவர் மீது எனக்கு மதிப்பு உண்டு. எங்கள் திருமணத்தை நடத்தி வைத்தவர்களில் அவரும் ஒருவர். ஆனாலும் அந்தக் கேள்வியை நான் ஏற்கவில்லை.

சாதி மறுப்பு இணையரை நம் இயக்கங்கள் இரண்டு இடங்களில் பார்க்கின்றன. ஒன்று, மாலை மாற்றும் மேடை. மற்றது, பிணவறை வாசல். மேடையில் கைதட்டுகிறோம்; பிணவறை வாசலில் முழக்கமிடுகிறோம். இரண்டும் தேவைதான். ஆனால் இரண்டுக்கும் நடுவே இருப்பதுதான் வாழ்க்கை. அதில் வாடகை வீடு தேட வேண்டும், குழந்தை பெற வேண்டும், சண்டை போட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை எங்காவது போக வேண்டும். மேடையிலிருந்து இறங்கிய இணையர் உயிர் பயத்தில் நாலு சுவருக்குள்ளேயே கிடந்தால், கொலை செய்யாமலேயே சாதி பாதி வென்றுவிட்டது. அகமணமுறைதான் சாதியின் உயிர்நாடி என்று அம்பேத்கர் 1916இலேயே சொன்னார். யார் யாரோடு சேரலாம் என்று கட்டளையிடும் அமைப்பு, சேர்ந்தவர்கள் எங்கே நிற்கலாம், எங்கே படுக்கலாம் என்றும் கட்டளையிடத்தான் செய்யும். அதை மீறி இருவர் பொதுவெளியில் மகிழ்ச்சியாக இருப்பதும் சாதி ஒழிப்பு வேலைதான்.

மலையில் ஒரு டம்ளர் தேநீர்

மறுநாள் காலை காரவள்ளியிலிருந்து இணையர்தான் ஓட்டினார். வனத்துறைக் காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் கூடாரம் போடுவது குற்றம். அதனால் செம்மேட்டுக்கு அப்பால் ஒரு மலையாளிப் பழங்குடி விவசாயியிடம் கேட்டு, அவருடைய மிளகுத் தோட்டத்தின் ஓரத்தில் போட்டோம். காசு கொடுத்தோம், கொஞ்சம் தயங்கி வாங்கிக்கொண்டார். சாயங்காலம் பேச வந்தவர், "நீங்க என்ன ஆளுங்க?" என்றார்.

இணையர், "எங்களுக்குச் சாதி இல்லைங்க" என்றார்.

"சாதி இல்லாம யாரு இருக்கா?" என்று சிரித்தார் பெரியவர்.

நான் என் சாதியைச் சொன்னேன். இணையர் தன்னுடையதைச் சொன்னார். கொஞ்ச நேரம் பேச்சு நின்றது. பெரியவர் எழுந்து வீட்டுக்குள் போனார். கூடாரத்தைப் பிரிக்க வேண்டியிருக்குமோ என்று நான் ஆணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேநீரோடு வந்தார். மூன்று எவர்சில்வர் டம்ளர்கள். என் டம்ளரும் அவர் டம்ளரும் ஒன்றா என்றுதான் என் கண் முதலில் பார்த்தது. ஒன்றுதான். குடித்து முடித்ததும் நான் கழுவ எழுந்தேன். "வச்சிட்டுப் போங்க" என்று அவரே எடுத்துக்கொண்டு போனார்.

இதை வைத்து மலையில் சாதி இல்லை என்று சொல்ல மாட்டேன். முதல் நாள் பழக்கத்தில் யாருக்கும் அது தெரியாது. என் கண் முதலில் டம்ளரைத்தான் தேடியது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சுற்றுலா போகிற மற்றவர்களுக்கு அந்த நேரத்தில் பனி தெரிந்திருக்கும், மிளகுக்கொடி தெரிந்திருக்கும்.

என்ன செய்யலாம்?

அரசிடம் கேட்க வேண்டியவை இருக்கின்றன. வயது வந்த இருவர் அடையாள அட்டையோடு வந்தால் சாதியையோ திருமண நிலையையோ காரணம் காட்டி அறை மறுக்கக் கூடாது என்று விடுதிகளுக்கும் காவல் நிலையங்களுக்கும் எழுத்துப்பூர்வமான ஆணை போக வேண்டும். சக்தி வாஹினி வழக்கில் 2018 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம் மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு, 24 மணி நேர உதவி எண், பாதுகாப்பு இல்லம் ஆகியவை பற்றி வழிகாட்டியது. உங்கள் மாவட்டத்தில் அந்தப் பிரிவு எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாத அளவுக்கு அதை வைத்திருப்பது யார் தவறு? ஆணவக்கொலைகளுக்கு எதிரான சட்டத்துக்குப் பரிந்துரை வழங்க நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று 2025 அக்டோபரில் முதலமைச்சர் அறிவித்தார். அந்தச் சட்டம் உயிரைக் காப்பதோடு நிற்கக் கூடாது. வீடும் அறையும் மறுக்கப்படுவதும் அதில் குற்றமாக வேண்டும்.

நாமே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் கறுப்பின மக்கள் காரில் வெளியூர் போனால் எந்த விடுதி இடம் கொடுக்கும் என்று தெரியாத காலத்தில், விக்டர் ஹியூகோ கிரீன் என்ற அஞ்சல்காரர் 1936இல் ஒரு வழிகாட்டி நூலைத் தொடங்கினார். தங்க இடம் தரும் வீடுகளும் விடுதிகளும் ஊர்வாரியாக அதில் இருந்தன. அதே காலத்தில் பெஸ்ஸி ஸ்ட்ரிங்ஃபீல்ட் என்ற கறுப்பினப் பெண் தனியாக மோட்டார் சைக்கிளில் அந்த நாட்டைச் சுற்றினார். அறை மறுக்கப்பட்ட இரவுகளில் பெட்ரோல் நிலையங்களில் வண்டி மீதே படுத்துத் தூங்கினார். அதைப் படித்தபோது நாமக்கல் பங்க் எனக்கு அவ்வளவு தனிமையாகத் தெரியவில்லை.

நமக்கும் அப்படி ஒரு பட்டியல் வேண்டும். ஒவ்வோர் ஊரிலும் ஒரு தோழர் வீடு, ஒரு படிப்பகம், ஒரு மொட்டை மாடி போதும். அதை அச்சிட்டுப் பரப்பக் கூடாது. துரத்துகிறவர்கள் கையிலும் கிடைத்துவிடும். நம்பிக்கையானவர்கள் வழியாகக் கைமாற வேண்டும்.

கிளம்ப நினைக்கும் இணையருக்கு எங்கள் அனுபவத்திலிருந்து சில. இருட்டுவதற்கு முன் தங்கும் இடத்துக்குப் போய்விடுங்கள். போகும் வழியை ஒரு தோழருக்கு மட்டும் நேரலையில் பகிருங்கள். படங்களை வீடு திரும்பிய பிறகு போடுங்கள். 112, 181 இரண்டு எண்களும் மனப்பாடமாக இருக்கட்டும். கனமான மூட்டையை ஸ்கூட்டரின் கால்வைக்கும் இடத்தில் தாழ்வாக வையுங்கள், பின்னால் கட்டாதீர்கள். கியர் இல்லாத வண்டி மலை இறங்கும்போது எஞ்சின் அதிகம் பிடித்து நிறுத்தாது. சுமை முழுவதும் பிரேக்குக்குத்தான். பத்து வளைவுக்கு ஒரு முறை நிறுத்தி ஆறவிடுங்கள். இருவரும் ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள். ஒருவருக்கு மட்டும் ஓட்டத் தெரிந்தால், ஆபத்தில் இருவரும் மாட்டிக்கொள்வோம்.

திங்கட்கிழமை இறங்கி வரும்போது அந்தப் பங்க்கில் நின்று பெட்ரோல் போட்டோம். அந்த ஊழியருக்குப் பகலில் வேலை இல்லை. மலை வாழைப்பழம் ஒரு சீப்பை அவரிடம் கொடுக்கச் சொல்லி வைத்துவிட்டு வந்தோம்.

கோவைப் பக்கம் வருகிற இணையர்களுக்கு எங்கள் வீட்டில் இரண்டு பேர் படுக்க இடம் இருக்கிறது. வண்டி நிறுத்தவும் இடம் இருக்கிறது. ஆதார் கேட்க மாட்டோம்.